மோட்டார் காரின் மூச்சும் கழுவி வழங்கும் வடிப்பானும்

சென்ற கோடை விடுமுறையில், எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். பேச்சினிடையே தம் காரின் முன்மூடியைத் திறந்து, புதிதாக வாங்கிப் பொருத்தியிருந்த ஒரு பொருளை வெளியே எடுத்து எமக்குக் காட்டினார். செந்நிற எண்ணெய் தோய்ந்த பருத்தி வலைத்துணி மடிப்பு மடிப்பாக மடிக்கப்பெற்று, இருபுறமும் மெல்லிய அலுமினியக் கம்பிவலையால் தாங்கப்பெற்றிருந்தது. "ஐயா, பட்டறைக்காரர் ஏர் பில்டர் என்று சொல்லும் காற்று வடிப்பான் இது. காரோடு வந்த காகித வடிப்பானைப்போல் இதனை எறிய வேண்டுவதில்லை. கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் மீண்டும் வழங்கலாம். எஞ்சினுக்கு வலுவும் கூடுமாம், பெட்ரோலும் மிச்சப்படுமாம். தாங்கள் என்ன கருதுகிறீர்கள்?" என்று வினவினார். யாம் அப்பொழுதே விடையிறுக்கவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இம்மலரில் எழுதினால், கார் வைத்திருக்கும் பழைய மாணவர் பலர்க்கும், இனி வாங்கவிருக்கும் இளைஞர்க்கும் பயன்படக்கூடுமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

முதற்கண், ஓர் எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்கின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை முக்கால் கிலோ அளவினதாகலின், அதற்கு வேண்டுங் காற்று 11 கிலோ. இதனைக் கன அளவிற் கூறின் சுமார் 9,000 லிட்டர் ஆகும். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் அங்குச் சென்று சேர்வதற்குள் நூறு கன மீட்டர்க் காற்றை விழுங்கிவிடும். ஐந்து மீட்டர் நீளமும், ஐந்து மீட்டர் அகலமும், நான்கு மீட்டர் உயரமும் உடைய வகுப்பறையொன்றை நிறைத்து நிற்கும் காற்று முழுவதும் அது. பெட்ரோலுக்கு விலை கொடுக்கின்றோம், ஆதலின் அதன் கணக்கை அறிவோம். காற்றோ விலையின்றிக் கிடைப்பதால் அதன் கணக்கை ஒருவரும் பார்ப்பதில்லை.

அக்காற்று தூய காற்றாயின் கவலையில்லை. சாலையில் எழும் புழுதியிற் பெரும்பகுதி மண். மண்ணின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். திருச்செந்தூரைச் சூழ்ந்த தேரிக்காட்டுச் செம்மணலும் குவார்ட்ஸே; அதன்மேற் படிந்த இரும்புத் துருவே அதற்குச் செந்நிறத்தைத் தந்தது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதற் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையிற் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண எஃகுக் கத்திக்கு ஐந்தரை அளவு. எனவே, மணல் இரும்பைக் கீறும். இரும்பு மணலைக் கீறாது. எஞ்சினுள் பிஸ்டனின் வளையங்களுக்கும் சிலிண்டரின் சுவருக்கும் இடையே சில மைக்ரான் கனமுள்ள எண்ணெய்ப் படலமே காவலாக நிற்கின்றது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் பெருமணலைக் கண்டு அஞ்சுகின்றோம். உண்மையிலோ அந்த எண்ணெய்ப் படலத்தின் கனத்தை ஒத்தும் அதனினும் சற்றுப் பெரிதாயும் உள்ள நுண்டூளே படலத்தினூடு நுழைந்து இருபுறத்தையும் அராவிவிடுகின்றது. வடிப்பான் பிடிக்க வேண்டிய கள்வன் இவனே.

ஹென்றி போர்டு 1908 முதல் 1927 வரை செய்து விற்ற புகழ்பெற்ற 'டி' மாதிரிக் கார் தொழிற்சாலையிலிருந்து வருகையில் அதற்குக் காற்று வடிப்பானே கிடையாது. பின்னர்த் தோன்றிய வடிப்பான்களுட் சிறந்தது எண்ணெய்த் தொட்டி வகை. உள்ளே வரும் காற்று ஒரு சிறு தொட்டியிலுள்ள எண்ணெயின்மேல் மோதித் திரும்பும். கனத்த தூசி திரும்பமாட்டாது எண்ணெயில் வீழும். எஞ்சியதை மேலுள்ள நனைந்த கம்பிச்சுருள் பற்றிக்கொள்ளும். ஜெர்மானியரின் வோக்ஸ்வாகன் வண்டுக் காரில் நெடுங்காலம் இதுவே இருந்தது. நம் நாட்டு உழவு டிராக்டர்கள் பலவற்றில் இன்றும் இதனைக் காணலாம். அடியிற் படிந்த சேற்றை அகற்றி, மண்ணெண்ணெயாற் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றுவர். ஆகவே, கழுவி வழங்குதல் என்பது புதுமையன்று, பழமையே ஆம். எஞ்சின் மெதுவாக ஓடுங்கால் காற்று வேகமாக மோதாமையின், இவ்வகை வடிப்பான் தூசியை நன்கு பிடிப்பதில்லை. அக்குறை காகிதத்துக்கு இல்லை. 1950-களிலும் அதன் பின்னரும் கார்களில் மடிப்புக் காகிதம் அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டமைக்கு இஃதொரு காரணம்.

இனி, பருத்தி வடிப்பானின் வரலாற்றுக்கு வருவோம். இவ்வகையிற் பெயர் பெற்ற கே அண்டு என் என்னும் நிறுவனம் 1969-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ரிவர்சைடு நகரில் தோன்றியது. நிறுவியவர் இருவர் பெயர்களின் முதலெழுத்துக்களே அதன் பெயர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தோடு தொடர்புடையவர்கள் தம் தேவைக்கெனக் கண்டது அது என்பதை மறவாதிருத்தல் நன்று. பந்தய எஞ்சின் பெரும்பொழுதும் முழு வேகத்திலேயே ஓடும். சில பந்தயங்கள் முடிந்ததும் அதனைப் பிரித்துத் தேய்ந்த உறுப்புக்களை மாற்றிவிடுவர். அதற்குக் காற்று தடையின்றி வருதல் முதன்மை, நீண்ட ஆயுள் இரண்டாவது. அத்தேவைக்குப் பருத்தி வடிப்பான் மிகப் பொருத்தமானதே. பந்தயத்திற்குப் பொருந்தியது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அலுவலகம் செல்லும் காருக்கும் பொருந்துமா என்பதே வினா.

காகிதமும் பருத்தியும் தூசியைப் பிடிக்கும் முறை வேறு. காகிதத்தின் இழைகள் மிக நெருங்கியவை. தூசி பெரும்பாலும் அதன் முகப்பிலேயே தங்கிவிடும். தங்கிய தூசியே மேலும் ஒரு வடிப்பானாகி, பின்வரும் நுண்டூளையும் தடுக்கும். அதனாற் சிறிது பழகிய காகித வடிப்பான் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். இது பலர் அறியாத செய்தி. அழுக்காகக் காணப்படுகிறது என்று காலத்துக்கு முன்பே மாற்றுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பருத்தி வலையின் கண்களோ அகன்றவை. காற்று எளிதிற் செல்வதும் அதனாலேயே. அக்கண்களைக் கடந்து செல்லும் தூசி இழையின் மேல் மோதுங்கால் அதனை ஒட்டவைப்பது எண்ணெய் ஒன்றே. எண்ணெய் உலர்ந்தால், அல்லது ஓரிடத்திற் படாது விடுபட்டால், அவ்விடத்தில் எஞ்சுவது வெறும் வலை.

எவ்வளவு பிடிக்கின்றது என்பதை அளக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சர்வதேசச் சோதனை முறையுண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மண்ணைக் குறித்த நுண்மைக்கு அரைத்துச் செய்த சோதனைத் தூசியைக் காற்றிற் கலந்து வடிப்பானினூடு செலுத்தி, பிடிபட்டதையும் தப்பியதையும் நிறுத்துப் பார்ப்பர். பருத்தி வடிப்பான் செய்வோர் கூறும் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 96 முதல் 99 வரை; நல்ல காகித வடிப்பானோ 99-க்கு மேற்பட்டது. இவ்வெண்களைக் கேட்போர், "97-க்கும் 99-க்கும் என்ன பெரிய வேற்றுமை? இரண்டும் முதல் வகுப்புத்தானே!" என்பர். தேர்விற்கு அக்கணக்குச் சரி; வடிப்பானுக்குச் சரியன்று. எஞ்சினைத் தேய்ப்பது பிடிபட்ட தூசியன்று, தப்பிய தூசி. ஆயிரம் கிராம் தூசி வந்ததென வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 97 பங்கு பிடிப்பது 30 கிராமை உள்ளே விடும். 99.5 பங்கு பிடிப்பது 5 கிராமை விடும். ஒன்று மற்றொன்றைப்போல் ஆறு மடங்கு மணலை எஞ்சினுக்கு ஊட்டுகின்றது. இவ்வொரு கணக்கை மட்டும் மாணவர்கள் மனத்திற் கொண்டாற் போதும். விளம்பரங்கள் அவர்களை ஏமாற்ற இயலாது.

இதற்கு ஈடாக நாம் பெறுவது என்ன? வலுக் கூடும் என்கின்றனர். பெட்ரோல் எஞ்சினின் வலுவை நாம் எவ்வாறு ஆள்கின்றோம் என்பதை நோக்குக. காலால் மிதிக்கும் ஆக்ஸிலரேட்டர், காற்று வரும் குழாயிலுள்ள ஒரு சிறு கதவைத் திறந்தும் மூடியும் வலுவைக் கூட்டிக் குறைக்கின்றது. சாதாரணமாக ஓட்டுங்கால் அக்கதவு பெரும்பகுதி மூடியே இருக்கும். அதாவது, காற்றை வேண்டுமென்றே நாமே தடுத்துக்கொண்டு செல்கின்றோம். பாதி மூடிய மதகுக்கு மேலே வாய்க்காலை அகலப்படுத்துவதால் வயலுக்கு நீர் கூடுமோ? கதவு முழுதும் திறந்திருக்கும்போது மட்டுமே வடிப்பானின் தடை பொருட்படுத்தத்தக்கது. அப்பொழுதும் அஃது எவ்வளவு? முழு வேகத்தில் வடிப்பானின் தடை பத்துச் சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம் என வைத்துக்கொள்வோம். வளிமண்டலத்தின் அழுத்தமோ பத்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயர நீரை ஒத்தது. எனவே, தடை முழுவதும் நீங்கினாலும் கிடைப்பது நூற்றுக்கு ஒரு பங்கே. இதனை மேலை மலைச்சாலையில் ஏறும்போது ஓட்டுநரின் கால் உணருமென்று யாம் நம்பவில்லை.

சிலர் இதனோடமையாது, காரோடு வந்த வடிப்பான் பெட்டியையே அகற்றிவிட்டு, கூம்பு வடிவமான திறந்த வடிப்பானை எஞ்சினருகே வைத்துவிடுகின்றனர். அப்பெட்டி வெளிக்காற்றைக் கொணரவும், உறிஞ்சும் ஓசையை அடக்கவும் அமைந்தது. அது போயின், எஞ்சின் தன் வெம்மையிற் காய்ந்த காற்றையே உண்ணும். 35 பாகைக் காற்று 65 பாகைக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறையும். ஒரு பங்கு ஆதாயம் தேடி ஒன்பது பங்கு இழந்தவாறு. ஆயினும் ஓசை பெருகுவதால், வண்டி சீறிப் பாய்கின்றது என்று உரிமையாளர் மகிழ்கின்றார். காதுக்குக் கிடைத்த வலு அது.

பெட்ரோல் மிச்சப்படும் என்னும் கூற்றையும் பார்ப்போம். அமெரிக்க அரசாங்கத்தின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிசாலையார் 2009-இல் இதனைச் சோதித்தனர். வடிப்பானை அடைத்தும் தூயதாக்கியும் கார்களை ஓட்டிப் பார்த்ததில், மின்னணு முறையால் எரிபொருளை அளந்து செலுத்தும் இக்காலக் கார்களில் அடைபட்ட வடிப்பானாலுங்கூட எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை எனக் கண்டனர். காற்றுக் குறைந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் கருவி குறைத்துவிடுகின்றது. வேகம் எடுப்பது மட்டும் மந்தமாகும். கார்புரேட்டர் உடைய பழைய காரில் மட்டும் நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை வேற்றுமை காணப்பட்டது. அடைபட்ட வடிப்பானே இக்காலக் காரிற் பெட்ரோலை வீணாக்காதாயின், நல்ல வடிப்பானுக்குப் பதிலாக மற்றொன்றை வைத்து மிச்சம் பிடிப்பது எங்ஙனம்?

விலையிலேனும் ஆதாயமுண்டோ எனின், அதுவும் ஐயத்திற்குரியதே. பல கார்களின் கைந்நூல்கள் காகித வடிப்பானை 40,000 கிலோமீட்டர் அளவில் மாற்றச் சொல்கின்றன; புழுதி மிக்க இடங்களில் அதற்கு முன்பே. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார் பத்தாண்டில் மூன்று வடிப்பான் கேட்கும். புழுதிக்காக இருமடங்காக்கினும் ஆறு. பருத்தி வடிப்பானின் விலை காகிதத்தின் விலையைப்போல் ஆறு மடங்கென்று கொண்டால், பத்தாண்டு கழித்துத்தான் இரண்டும் சமமாகும். கழுவும் மருந்துக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவைச் சேர்த்தால் அதுவுமில்லை. ஆண்டுக்கு ஓரிலக்கம் கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு இக்கணக்கு மாறும் என்பதை மறுக்கவில்லை.

கழுவுதலையும் எளிதென்று எண்ணற்க. அதற்குரிய மருந்தைத் தெளித்து ஊறவிட்டு, தூய பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மென்மையாக நீர் விடவேண்டும். பிறகு நிழலில் தானே உலரவிடவேண்டும். அமுக்கிய காற்றாலோ தீயாலோ உலர்த்தலாகாது. முற்றும் உலர்ந்தபின் ஒவ்வொரு மடிப்பிலும் அளவாக எண்ணெயிட்டு, அது துணி முழுதும் ஊறிச் செந்நிறம் ஒருபடியாகப் பரவும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இதனை வீட்டுமுற்றத்தில் அமர்ந்து பொறுமையாகச் செய்வோர் சிலர். பட்டறைப் பையனிடம் விட்டாலோ, பெட்ரோலில் முக்கி, உதறி, ஈரத்தோடு மாட்டி அனுப்பிவிடுவான்.

எண்ணெய் குறைந்தால் தூசி உட்புகும். மிகுந்தாலோ வேறொரு தொல்லை சொல்லப்படுகின்றது. பல கார்களில் வரும் காற்றை அளப்பதற்கு மின்சாரத்தாற் சூடேற்றிய நுண்கம்பியொன்று குழாயில் வைக்கப்பட்டுள்ளது. காற்று அதனைக் குளிர்விக்குமளவைக் கொண்டு கருவி கணக்கிடுகின்றது. அக்கம்பிமேல் எண்ணெய்த் திவலை படிந்து தூசியும் ஒட்டினால் கணக்குப் பிழைபடும் என்பர். வடிப்பான் செய்வோர் இதனை மறுத்து, முறைப்படி எண்ணெயிட்டால் அவ்வாறு நேராது என்கின்றனர். இருக்கலாம். ஆயினும் 'முறைப்படி' என்னும் அச்சொல்லே வழக்கின் மையம். கம்பியின்றிக் குழாயின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களுக்கு இவ்வச்சம் இல்லை. நம் நாட்டுச் சிறு கார்கள் பல அவ்வகையின.

நிற்க. எம் மாணவரின் காருக்கு வருவோம். வடிப்பானுக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் துடைக்கச் சொன்னோம். வடிப்பானைக் கடந்த காற்றே செல்லும் வழியாகலின் அங்கே தூசிக்கு இடமில்லை. ஆனால் கைக்குட்டையில் மெல்லிய செம்புழுதி படிந்து வந்தது. உற்று நோக்கியதில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. மடிப்புக்களின் ஓரங்களில் எண்ணெய் வெளிறியிருந்தது; ஆறு மாதத்துக்கு முன் அவரே கழுவி எண்ணெயிட்டாராம். மேலும், ரப்பர் விளிம்பு பெட்டியின் ஒரு மூலையில் நன்றாகப் பதியவில்லை. இரண்டாவது குறை எவ்வகை வடிப்பானுக்கும் நேரக்கூடியதே. ஆதலின் குற்றம் முழுவதையும் பருத்தியின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. அவர் முகம் வாடிற்று. "ஆயுளுக்கும் போதும் என்றல்லவோ வாங்கினேன், ஐயா!" என்றார். எதன் ஆயுள் என்பதைத்தான் விற்றவர் சொல்லவில்லை.

அவர் அதனை வாங்கியதற்கு ஆசை மட்டும் காரணமன்று. ஒன்றை எறிவதென்றால் நம்மவர்க்கு மனம் கூசும். சட்டையின் கழுத்துப்பட்டை நைந்தால் திருப்பித் தைத்து அணிந்தவர்களின் மக்கள் நாம். அவ்வியல்பு நல்லதே. ஆனால் எறியப்படுவது காற்கிலோ அளவுள்ள காகிதமும் ரப்பருமாயின், அதனாற் காக்கப்படுவது அதனைப்போற் பன்மடங்கு எடையுள்ள இரும்பும் அலுமினியமுமான எஞ்சின். காலத்துக்கு முன் தேய்ந்து புகை கக்கும் எஞ்சினைவிடப் பெரிய விரயம் காரில் வேறில்லை. கழுவிய எண்ணெய்நீர் எங்கே போகின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

காகிதத்தை ஆதரிப்பதனால் நம் பட்டறை வழக்கத்தை ஆதரித்ததாகக் கொள்ளற்க. கழுவலாகாத காகித வடிப்பானைத் தரையில் தட்டி, அமுக்கிய காற்றை ஊதி, "இன்னும் ஓராண்டு ஓடும், சார்" என்று மீண்டும் பொருத்துவது எங்கும் காணும் காட்சி. அவ்வேகக் காற்று இழைகளைக் கிழித்து ஊசித்துளைகள் இடும். மேலே சொன்ன தூசிப் போர்வையையும் நீக்கிவிடும். எண்ணெய்ப்பசை ஏற்றிய காகித வடிப்பானுடன் வரும் சில மோட்டார் சைக்கிள்களில் இத்தவறு மிகுதி. பசையில் ஒட்டிய தூசி ஊதினால் வாராது, ஆதலின் அதனை மாற்றுவதே முறை. எறியத்தக்கதைக் கழுவுவதும், கழுவத்தக்கதைக் கழுவாமல் விடுவதும் ஒரே வகைப் பிழை.

பருத்தி வடிப்பானுக்கு உரிய இடங்களும் உள. பந்தயம் ஓடுவோர்க்கு அது தக்கது. காகித வடிப்பான் கிடைப்பதரிதான பழைய கார்களை அன்போடு பேணுவோர், தாமே கழுவி எண்ணெயிடும் பொறுமையுடையோராயின், தாராளமாக வழங்கலாம். கரடுமுரடான நிலத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பருத்தியினும் எண்ணெயிட்ட பஞ்சுநுரை வடிப்பான் ஏற்றது. வாங்குவோர் தம் காரின் உத்தரவாதப் பத்திரத்தையும் படித்துக்கொள்க. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிறர் செய்த உறுப்பைப் பொருத்திய ஒரே காரணத்தால் உத்தரவாதத்தை மறுக்கலாகாது என்கின்றது. அவ்வூர் விளம்பரத்திற் கண்ட உறுதி இங்கும் செல்லுமென்று கொள்ளற்க.

முன்னரே பருத்தி வடிப்பானைப் பொருத்திவிட்டவர்கள் அஞ்சி உடனே கழற்றி எறிய வேண்டுவதில்லை. வெள்ளைத்துணிச் சோதனையைத் தாமே செய்து பார்க்கலாம். துணி வெளுத்தே வரின் நன்று. இன்னும் நுட்பமாக அறிய விரும்புவோர், எஞ்சின் எண்ணெய் மாற்றுங்கால் பழைய எண்ணெயிற் சிறிது எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, அதில் சிலிக்கன் எவ்வளவு என்று கேட்கலாம். குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் பிராணவாயுவும் கூடியதே. ஒரே காரில் காகிதம் இருந்தபோது எடுத்த அளவையும், பருத்தி இருக்கும்போது எடுத்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விற்பவர் சொல்லும் வேண்டா, யாம் எழுதியதும் வேண்டா. எம் மாணவர் இப்பொழுது காகித வடிப்பானைப் பொருத்தி, அச்சோதனையின் முதற்பாதியைத் தொடங்கியிருக்கின்றார்.